கேள்வித்தாள் சரியில்லையா, பசங்க சரியில்லையா?

கேள்வி: 8ஆம் வகுப்புக்கு மொழிப்பாடம் எடுக்கறேன், 40 பேர். யூனிட் டெஸ்ட் நானேதான் செட் பண்றேன். கிளாஸ்ல நல்லா பேசற, சொந்தமா எழுதற பசங்க மார்க்ல கீழ போறாங்க, மனப்பாடம் பண்றவங்க மேல வந்துடறாங்க. என் தாள் நல்ல தாளானு எப்படி தெரிஞ்சுக்கறது?

பதில்: கேள்வித்தாளையே திரும்பத் திரும்ப பாத்தா ஒண்ணும் தெரியாதுங்க, நாம எழுதின கேள்வி நமக்கு எப்பவும் தெளிவாத்தான் இருக்கும். திருத்தின விடைத்தாளை எடுங்க. மொத்த மார்க் படி அடுக்கி மேல 11 பேர், கீழ 11 பேர்னு பிரிச்சுக்கோங்க (40ல 27 சதவீதம், 1939ல ட்ரூமன் கெல்லினு ஒரு அமெரிக்க உளவியலாளர் சொன்ன கணக்கு). ஒவ்வொரு ஒரு மார்க் கேள்வியையும் ரெண்டு பக்கமும் எத்தனை பேர் சரியா போட்டிருக்காங்கனு எண்ணுங்க. மேல 9, கீழ 3னா கேள்வி வேலை செய்யுது. ரெண்டு பக்கமும் 11னா யாரையும் பிரிக்கல, ஆனா நடத்தினது ஏறிச்சானு பாக்க வெச்ச கேள்வின்னா அது தப்பே இல்ல. மேல 4, கீழ 7னு தலைகீழா வந்தாதான் நின்னு பாக்கணும்.

எனக்கு அப்படி வந்த ஒண்ணு: 'அவர் நேற்று கூட்டத்துக்கு ____ வந்தார்.' தாமதமாக, தாமதமான, தாமதம், மெதுவாக. வினையடை தெரியுதானு பாக்க நெனச்சேன், விடை 'தாமதமாக'. நல்லா எழுதற பசங்க நெறய பேர் 'மெதுவாக' போட்டிருந்தாங்க, யோசிச்சா அதுவும் சரிதானே! பாடத்துல இருந்த வாக்கியத்தை அப்படியே தூக்கி வெச்சுட்டேன், அதனால ஒப்பிச்சவன் கண்ண மூடிட்டு டிக் அடிச்சான், யோசிச்சவன் மாட்டிக்கிட்டான். உங்க வகுப்புலயும் இதுதான் நடக்குதுனு நெனக்கறேன்.

ஆனா இந்த எண்ணிக்கைல ஒரு ஓட்டை இருக்கு. மொத்த மார்க்கே மனப்பாடத்துக்குத்தான் போகுதுன்னா உங்க மேல் குரூப்பே தப்பான குரூப், அப்ப கேள்வி எல்லாம் நல்லா பிரிக்கற மாதிரிதான் தெரியும். அதுக்கு பென்சிலால ஒவ்வொரு கேள்வி பக்கத்துலயும் இது எந்தத் திறமையக் கேக்குதுனு எழுதுங்க. ஏற்கனவே நடத்தின பத்தியக் குடுத்து கேள்வி கேட்டா அது வாசிப்பு இல்ல, ஞாபகம். புது பத்தி குடுத்தாலும் பத்திய மறைச்சுட்டு வேற யார்கிட்டயாவது கேள்விய மட்டும் குடுத்துப் பாருங்க. தேனீ பத்தி ஒரு பத்தி வெச்சு 'தேனீ எதிலிருந்து தேன் சேகரிக்கிறது?'னு கேட்டா பத்திய படிக்காமலே பூனு எழுதிடுவாங்க.

கட்டுரைல பிரச்சனை பாதி நம்ம கைல. ஒரு பையனோட தாள முழுசா திருத்தி முடிச்சு அடுத்தவனுக்குப் போகாதீங்க, முதல் கேள்விய 40 பேருக்கும் திருத்திட்டு ரெண்டாவதுக்கு போங்க, பேரையும் மறைச்சுடுங்க. இல்லன்னா முன்னாடி நல்லா எழுதினவனுக்கு பின்னாடியும் தானா மார்க் விழும். ஒரு வாரம் கழிச்சு பத்து தாள பழைய மார்க்க பாக்காம மறுபடி திருத்துங்க. எனக்கு முதல் தடவை ஒரு கட்டுரைக்கு 10க்கு 5 வந்தது, மறுவாரம் 8. எழுதின புள்ள ஒரு வரி கூட மாத்தல.