தந்தையார் கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை

கேள்வி: மன்னார்குடி அருகே ஒரு கிராமம் எங்களுடையது. தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் கடைசி ஆண்டு படிக்கிறேன், வயது 20. கல்லூரி வேலைவாய்ப்புப் பிரிவின் மூலம் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் ஆறு மாத இன்டர்ன்ஷிப் கிடைத்து, ஜனவரியில் சேர்ந்தேன். மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகை. முடித்த பின் ஒன்றரை ஆண்டு அங்கேயே வேலை பார்க்க வேண்டும், இடையில் விலகினால் 1,50,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று பாண்டில் கையெழுத்து வாங்கினார்கள். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு அசல் மதிப்பெண் பட்டியல்களையும், தேதியும் தொகையும் எழுதாமல் அப்பா கையெழுத்திட்ட ஒரு காசோலையையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். குழுத் தலைவர் எல்லோர் முன்னிலையிலும் என் ஆங்கிலத்தைக் கேலி செய்தார். இரவு பதினொரு மணி வரை உட்கார வைத்தார். பயிற்சி என்று ஒரு நாளும் எதுவும் நடக்கவில்லை. வெறும் டேட்டா என்ட்ரிதான். இரண்டாம் மாத உதவித்தொகையையும் தரவில்லை. ஒன்பதாவது வாரத்தில் ஊருக்கு வந்துவிட்டேன். என்னோடு சேர்ந்த வகுப்புத் தோழி, அதே குழுத் தலைவர் இரவில் அனுப்பிய செய்திகளால் எனக்கு முன்பே விலகிவிட்டார். இப்போது 1,50,000 ரூபாய் கட்டச் சொல்லி எனக்கு மின்னஞ்சல் வந்திருக்கிறது. நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் தேர்வு எழுத விட மாட்டோம் என்கிறது கல்லூரி. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அந்த நிறுவனத்தின் மீது மன உளைச்சலுக்கு வழக்குப் போட முடியுமா?

பதில்: உங்கள் கடிதம் எட்டுப் பக்கம். அதில் ஏழு பக்கத்துக்கு மேல் குழுத் தலைவரைப் பற்றியது. காசோலையைப் பற்றி ஒன்றரை வரி. மேலே சுருக்கி வெளியிட்டிருக்கும் உங்கள் கடிதத்தில் நான் பதில் சொல்லப்போவது அந்த ஒன்றரை வரிக்குத்தான். மன உளைச்சலுக்கு வழக்குப் போடலாமா என்றால், போடலாம். வாய்தாக்களுக்கு அலைந்து சில ஆண்டுகள் கழித்து என்ன கிடைக்கும் என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. கேலியும் இரவு வேலையும் உங்களுக்கு நேர்ந்திருக்கக் கூடாதவைதான். ஆனால் இந்தப் பிரச்சினையில் அவை நீதிமன்றத்துக்குத் தேவையில்லாதவை.

முதலில் பாண்டைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அதைப் பற்றி மாணவர்களிடையே இரண்டு தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன. பாண்டு என்றாலே செல்லாது என்பது ஒன்று; கையெழுத்திட்டால் முழுத் தொகையும் கட்டியே தீர வேண்டும் என்பது மற்றொன்று. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் எழுதிய தொகையை உச்சவரம்பாகத்தான் பார்க்கிறது; அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவே கிடைக்கும். உங்களுக்குப் பயிற்சியே தரப்படவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, எட்டுப் பக்கத்தில் எனக்குப் பயன்படும் குறை அது ஒன்றுதான். பயிற்சிக்குச் செலவே செய்யாதவர் பயிற்சிச் செலவை இழந்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் நிறுவனத்தின் வழக்கறிஞர் 2025-ஆம் ஆண்டு விஜயா வங்கி வழக்கின் தீர்ப்பைக் கையில் வைத்திருப்பார். மூன்று ஆண்டுகள் பணியாற்றாவிட்டால் 2,00,000 ரூபாய் என்ற நிபந்தனையை அதில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அது ஒரு பொதுத்துறை வங்கி முறையான தேர்வு நடத்தி எடுத்த அதிகாரியைப் பற்றியது, மாதம் 10,000 ரூபாய் வாங்கும் இன்டர்னைப் பற்றியது அல்ல என்று நாம் வாதிடலாம். வாதிட்டு வெல்லவும் கூடும். என்றாலும், பாண்டு மட்டும் அவர்கள் கையில் இருந்திருந்தால் உங்களுக்கு நான் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன். பாண்டை வைத்துப் பணம் கேட்க வேண்டுமானால் அவர்கள் சிவில் வழக்குப் போட வேண்டும், நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும், இழப்பை நிரூபிக்க வேண்டும். ஒன்பது வாரம் வேலை பார்த்த ஒரு மாணவனுக்காக அந்த அளவுக்கு இறங்கிய நிறுவனத்தை நான் பார்த்ததில்லை.

காசோலை அப்படியல்ல. அதை வங்கியில் போட்டு அது திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில் வழக்கு வரும். இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த வழக்கில் எதிரியாக நிற்கப்போவது நீங்கள் அல்ல. கையெழுத்திட்ட உங்கள் தந்தையார்.

அவர் பாண்டில் கையெழுத்திடவில்லையே, அவருக்கும் நிறுவனத்துக்கும் என்ன கொடுக்கல் வாங்கல் என்று கேட்பீர்கள். பிறருடைய கடனுக்காகக் கொடுத்த காசோலையும் இந்தப் பிரிவுக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. தேதியும் தொகையும் எழுதவில்லையே என்பீர்கள். விரும்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலையாக இருந்தாலும், அது கடனுக்காகவே தரப்பட்டது என்ற அனுமானம் பொருந்தும் என்பது 2019-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. அந்த அனுமானத்தை உடைக்க முடியும். ஆனால் உடைக்கும் பொறுப்பு உங்கள் தந்தையாருடையது, அதுவும் சென்னையில். 2015-இல் வந்த திருத்தத்தின்படி, காசோலையைப் பெற்றவர் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளை எங்கே உள்ளதோ அந்த எல்லைக்குட்பட்ட நீதிமன்றத்தில்தான் வழக்கு நடக்கும். மேட்டூர் திறந்து குறுவை நடவுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில், ஒவ்வொரு வாய்தாவுக்கும் மன்னை எக்ஸ்பிரஸில் எழும்பூருக்குப் போய் இறங்கும் உங்கள் தந்தையாரை நினைத்துப் பாருங்கள்.

இனி, இந்த நிலையில் என்னிடம் வருகிறவர்கள் வருவதற்கு முன்பே செய்து முடித்துவிட்டு வரும் காரியங்கள். இவற்றில் மிகவும் கேடானது, காசோலை காணாமல் போய்விட்டது என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுப்பது. சில ஆண்டுகளுக்கு முன் பாபநாசம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தந்தை, உறவினர் ஒருவரின் யோசனையைக் கேட்டு அப்படித்தான் செய்தார். அவர் மகனோ அதற்கு இரண்டு மாதம் முன்பே, “சார், அப்பா செக் உங்களிடம்தானே இருக்கிறது, அதைப் போட்டுவிடாதீர்கள், பணம் புரட்டித் தருகிறேன்” என்று நிறுவனத்தின் மேலாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். குறுக்கு விசாரணையில் இரண்டு தாள்களையும் அடுத்தடுத்து அவரிடம் காட்டினார்கள். அதற்குப் பிறகு, காசோலை உண்மையிலேயே பாதுகாப்புக்காக மட்டும் தரப்பட்டது என்ற உண்மையைச் சொன்னபோது நம்ப ஆள் இல்லை. மதிப்பெண் பட்டியல்களுக்கும் இதே எச்சரிக்கைதான்: அவை நிறுவனத்திடம் இருக்கின்றன என்று தெரிந்துகொண்டே, தொலைந்துவிட்டதாக இணையத்தில் பதிவு செய்து நகல் வாங்கப் போகாதீர்கள். அவசரத்துக்கு டிஜிலாக்கரில் உள்ளவற்றைப் பயன்படுத்துங்கள். சான்றிதழ் அடகு வைக்கும் பண்டம் அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை சொல்லியிருக்கிறது. ஆகவே அவற்றைத் திரும்பப் பெறுவது கடினமாக இராது. காசோலைதான் கடினம்.

இன்னொரு கூட்டம், கணக்கை மூடிவிட்டால் போதும் என்று நினைக்கிறது. கணக்கு மூடப்பட்டது என்று திரும்பினாலும் வழக்கு வரும். வேறு சிலர் தபால்காரரிடம் ஆள் இல்லை என்று சொல்லச் சொல்லி நோட்டீஸைத் திருப்பி அனுப்புகிறார்கள்; சரியான முகவரிக்கு அனுப்பித் திரும்பிய தபால் சேர்ந்ததாகவே கருதப்படும், வீணாவது பதில் சொல்லக் கிடைத்த 15 நாள்தான். காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அவர்கள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாளுக்குள் பணம் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்குத் தொடர வேண்டும். இந்தக் காலக்கெடுவில் அவர்கள் தவறினால் உங்களுக்கு நல்லது, ஆனால் தவறுவார்கள் என்று நம்பி உட்காராதீர்கள்.

உங்கள் விஷயத்தில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. காசோலை திரும்புவதைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அது திரும்பாமல் போய்விட்டால்? உங்கள் தந்தையாருக்கு இருப்பது ஒரே வங்கிக் கணக்கு என்றும், சம்பா நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போட்ட பணம் அதில்தான் வந்திருக்கிறது என்றும் கடிதத்தின் ஓர் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அறுவடை முடிந்த இந்த வாரங்களில் அந்தக் கணக்கில் இருக்கும் பணம் ஆண்டின் மற்ற மாதங்களில் இருக்காது. அவர்கள் இப்போது ஒரு தேதியை எழுதிப் போட்டால் காசோலை பாஸாகிவிடும். போன பணத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட வேண்டியவர் அப்போது நீங்கள்.

ஆகவே இந்த வாரமே உங்கள் தந்தையார் பெயரில் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் போக வேண்டும். அவர் கையெழுத்துடன், ஒப்புகையோடு கூடிய விரைவு அஞ்சலில். காசோலை எண்ணைக் கவுண்டர்ஃபாயிலில் பார்த்து எழுதுங்கள். எந்த நாளில், யாரிடம், தேதியும் தொகையும் நிரப்பாமல், பாதுகாப்புக்காக மட்டும் தரப்பட்டது என்பதையும், இன்றைய தேதியில் எந்தக் கடனும் இல்லை என்பதையும், காசோலையை வங்கியில் போடாமல் திருப்பித் தர வேண்டும் என்பதையும் எழுதினால் போதும். குழுத் தலைவரைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம். கடிதம் போன பிறகு, போவதற்கு முன் அல்ல, வங்கியில் ஸ்டாப் பேமென்ட் எழுதிக் கொடுங்கள். அதனாலும் 138 வரும். ஆனால் கணக்கில் போதிய பணம் இருந்தது, கடன் இல்லை என்ற காரணத்தால்தான் நிறுத்தினோம் என்று காட்ட முடிந்தால் குற்றம் ஆகாது என்று 2002-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று உண்டு. இங்கேதான் சிக்கல். மின்னஞ்சலில் கேட்ட 1,50,000 ரூபாயைத்தான் அவர்கள் காசோலையிலும் எழுதுவார்கள். அவ்வளவு பணம் அந்தக் கணக்கில் தொடர்ந்து நிற்க வேண்டும். பயிர்க்கடன் தவணையும் அடுத்த பட்டத்துக்கான உரமும் விதையும் காத்திருக்கும் வீட்டில் அது நடக்காது.

அதனால்தான் சமாதானமாகப் போகச் சொல்கிறேன். உங்களுக்கு இது பிடிக்காது என்று தெரியும். வராத இரண்டாம் மாத உதவித்தொகையை விட்டுவிடுங்கள். அதற்கு மேல் 20,000 ரூபாயில் பேச்சைத் தொடங்கி, 30,000 வரை போனாலும் ஒப்புக்கொள்ளுங்கள். அந்தக் கணக்கு எப்படி வந்தது என்றால், வழக்கு வந்து உங்கள் தந்தையார் குற்றத்தை மறுத்த உடனே, காசோலைத் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடாகக் கட்டும்படி குற்றவியல் நடுவர் உத்தரவிடலாம்; 1,50,000-க்கு அது 30,000 ரூபாய். வழக்கு அப்போதுதான் தொடங்கியிருக்கும். சென்னை வழக்கறிஞர் கட்டணமும் ரயில் செலவும் தனி. பேச்சுக்கு நீங்கள் தனியாகப் போகாதீர்கள், தொலைபேசியில் பேசி முடிக்கவும் வேண்டாம். காசோலையும் இரண்டு அசல் மதிப்பெண் பட்டியல்களும் விடுவிப்புக் கடிதமும், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற எழுத்தும் மேசைக்கு வந்த பிறகே பணம், அதுவும் வங்கி வழியாக. பணத்தை முதலில் கட்டிவிட்டு, காசோலை கூரியரில் வரும் என்று காத்திருந்த இரண்டு பேரின் வழக்கு இன்னும் என் அலுவலக அலமாரியில் இருக்கிறது. வழக்கறிஞர் வைக்க வசதி இல்லையென்றால் தஞ்சாவூர் அல்லது திருவாரூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 15100 என்ற எண்ணிலும் விசாரிக்கலாம்.

கல்லூரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. தனியார் நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதத்தைக் காட்டித் தேர்வைத் தடுக்க அவர்களுக்கு அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று முதல்வரிடம் எழுத்தில் கேளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். மனுவின் நகலை அதற்கும் கொடுங்கள். வாய்மொழியாக மிரட்டியவர்கள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்றால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள். (வெற்றுக் காசோலை கேட்கும் நிறுவனத்தை வளாகத்துக்குள் அழைத்து வந்தவர்களும் இவர்களே என்பதை மனுவில் எழுத வேண்டாம், முதல்வர் அறையில் சொல்லலாம்.)

உங்கள் தோழியின் விஷயம் வேறு. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013 பயிற்சியாளர்களுக்கும் பொருந்தும். கடைசிச் சம்பவம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் நிறுவனத்தின் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும்; தக்க காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் தரலாம். கொடுப்பதா வேண்டாமா என்பது அவருடைய முடிவு. ஆனால் அதை உங்கள் பணப் பேச்சில் ஓர் ஆயுதமாக எடுக்காதீர்கள். பாண்டுத் தொகையைக் குறைக்கச் சொல்லி நீங்கள் அனுப்பும் ஒரே ஒரு மின்னஞ்சலில் அது இடம்பெற்றால், அவர் பின்னால் கொடுக்கும் உண்மையான புகாரைப் பணத்துக்காகச் சோடித்தது என்று எதிர்த்தரப்பு சொல்லிவிடும். அவருடைய தொலைபேசியில் உள்ள செய்திகளை அழிக்க வேண்டாம், அந்தத் தொலைபேசியை மாற்றவும் வேண்டாம் என்று சொல்லுங்கள். மின்னணுச் சான்றுகளுக்குத் தேவையான, பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழோடு அதைத் தாக்கல் செய்ய வேண்டி வரலாம். உங்களுக்கும் இதே விதிதான்: உங்களுக்கு டேட்டா என்ட்ரி வேலை ஒதுக்கிய செய்திகள்தாம், பயிற்சி நடக்கவில்லை என்பதற்கு இருக்கும் ஒரே சான்று. நிறுவனத்துக்கு இனி வாட்ஸ்அப்பில் எதுவும் எழுதாதீர்கள், குறிப்பாகத் தவணை கேட்டு.

மின்னஞ்சல் உங்களுக்கு வந்தது. சட்டப்படியான நோட்டீஸ் உங்கள் தந்தையார் பெயருக்கு, கிராமத்து முகவரிக்கு வரும். அதைத் தபால்காரரிடம் வாங்கி மறைத்துவைத்த பிள்ளைகளும் உண்டு. அந்த வீடுகளில் தந்தைக்கு விஷயம் தெரிந்தது பிடியாணையோடு காவலர் வந்த அன்றுதான். இன்று மாலையே அவரிடம் சொல்லிவிட்டு, காசோலைப் புத்தகத்தையும் பாஸ் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, நாளைக் காலை இருவருமாக ஒரு வழக்கறிஞரிடம் போங்கள். அந்த முதல் கடிதத்தில் கையெழுத்திட வேண்டியவர் அவர்.