ஒரே ரன்னில் முடிகிற பேஸ்பால் ஆட்டத்தில் ரசிக்க என்ன இருக்கிறது?

1965 செப்டம்பர் 9 அன்று லாஸ் ஏஞ்சலஸில் டாட்ஜர்ஸும் சிகாகோ கப்ஸும் ஆடியதைப் பாருங்கள். முடிவு 1-0. இரு அணிக்கும் சேர்த்தே ஒரே ஒரு ஹிட், அதாவது பந்தை அடித்துப் பத்திரமாகத் தளம் சேர்வது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஹிட்டுக்கும் ரன்னுக்கும் சம்பந்தமே இல்லை!

ஐந்தாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸின் லூ ஜான்சன், நான்கு பந்துகள் விலகிப் போனதால் அடிக்காமலேயே முதல் தளத்துக்கு நடந்தார். அடுத்தவர் பந்தை மெல்லத் தட்டித் தான் அவுட்டாகி, அவரை இரண்டாம் தளத்துக்கு நகர்த்தினார். மூன்றாம் தளத்துக்கு ஜான்சன், யாரும் பந்தை அடிக்காமலேயே திருட்டு ஓட்டம் ஓடினார். தடுக்க, அடிப்பவருக்குப் பின்னால் நிற்கும் கேட்சர் எறிந்த பந்து கைதப்பிப் போனது. ஜான்சன் சுற்றை முடித்து வந்துவிட்டார். ரன்!

டாட்ஜர்ஸுக்கு வீசிய சாண்டி கூஃபாக்ஸ், வந்த 27 பேரில் ஒருவரைக்கூடத் தளம் ஏறவிடவில்லை. 14 பேர் ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் ஆகி அவுட்; நல்ல பந்தை அடிக்காமல் விட்டாலோ, வீசித் தவறவிட்டாலோ ஸ்ட்ரைக்), கடைசி ஆறு பேரும் அப்படியே. எனக்கென்னவோ, கப்ஸுக்கு வீசி, ஒரே ஹிட் மட்டும் கொடுத்தும் தோற்ற பாப் ஹெண்ட்லி மீதுதான் பரிதாபம்.