டாப் மாடலுக்கு அந்த விலை தகுமா?

கேள்வி: நான், மனைவி, பத்து வயது மகள், என் பெற்றோர் என ஐந்து பேருக்காக ஹூண்டாய் கிரெட்டா வாங்க எண்ணியிருக்கிறோம். தந்தைக்கு மூட்டுவலி உண்டு. சாதாரண பெட்ரோல் எஞ்சின் உள்ள நடுத்தர வேரியண்ட்டுக்கு ஷோரூம் விலை 15 லட்சம் ரூபாய் என்றும், டர்போ ஆட்டோமேட்டிக் டாப் மாடலுக்கு 20,20,000 ரூபாய் என்றும் சொல்கிறார்கள். "எடுப்பதுதான் எடுக்கிறீர்கள், டாப் மாடலாகவே எடுத்துவிடுங்கள்" என்கிறார் மைத்துனர். அந்த விலை தகுமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: வித்தியாசம் 5,20,000 ரூபாய்தான் என்று நினைத்துக்கொண்டு முன்பணம் கட்டிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள கார்களுக்குச் சாலை வரி 18 சதவீதமாகவும், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதமாகவும் இருப்பதால், முதல் வண்டிக்கு 2,70,000 ரூபாயும் இரண்டாவதற்கு 4,04,000 ரூபாயும் வரி கட்டவேண்டியிருக்கும். ஆன்ரோடு கணக்கில், காப்பீட்டைச் சேர்க்காமலேயே, வித்தியாசம் ஆறரை லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. ஷோரூம் விலைக்குள்ளேயே 40 சதவீத ஜிஎஸ்டி அடங்கியிருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த ஆறரை லட்சத்தில் ஏறக்குறைய 2,80,000 ரூபாய் வரியாகவே போய்விடுகிறது. வண்டியில் கூடுதலாக வந்து சேர்வது சுமார் 3,70,000 ரூபாய்ப் பொருள்தான்.

அந்தப் பொருள் என்ன? 4,330 மில்லிமீட்டர் நீளம், 2,610 மில்லிமீட்டர் வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்), ஆறு ஏர்பேக் ஆகியவை இரண்டிலும் ஒன்றே. டாப் மாடலில் 115 குதிரைத்திறனுக்குப் பதில் 160 கிடைக்கும். ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தில் ஊர்ந்து செல்வதற்கும், விடுமுறையில் குற்றாலம் போய் வருவதற்கும் 115 தாராளம். தானாக பிரேக் போடும் அடாஸ் வசதி நான்குவழிச் சாலையில் உதவும் என்றாலும், குறுக்கே நுழையும் பைக்குகளும் மாடுகளும் நிறைந்த நம் தெருக்களில் அதை அணைத்து வைப்பவர்களே அதிகம் என்பது என் அனுபவம். குளிர்காற்று வரும் முன் இருக்கைகள் மட்டும், நெல்லை வெயிலுக்கு, நியாயமான ஆசை என்று ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டுக்கு இந்த வகை வண்டி தகுமா என்பதைத் தந்தையின் முழங்கால்தான் சொல்லவேண்டும். செடான் காரில் உடலைக் கீழே இறக்கி உட்கார்ந்து, பிறகு ஊன்றி எழவேண்டும். கிரெட்டா போன்ற உயரமான எஸ்யுவியின் இருக்கை ஏறக்குறைய இடுப்பு உயரத்தில் இருப்பதால் பக்கவாட்டில் சாய்ந்து அமர்ந்துவிடலாம். அவரையே ஷோரூமுக்கு அழைத்துச் சென்று பின்கதவு வழியாக மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். மூன்றாம் முறை அவர் கைப்பிடியைத் தேடுகிறாரா, காலைக் கையால் தூக்கி வைக்கிறாரா என்று கவனியுங்கள். பின்பு பெற்றோருக்கு நடுவில் மகளை உட்காரவைத்து, நண்பகலில் அரைமணி நேரம் ஓட்டிப்பாருங்கள். விற்பனையாளர் காலை ஏழு மணிக்கு வண்டி கொண்டுவருகிறேன் என்றால் ஏற்காதீர்கள். ஏசியின் யோக்கியதை அப்போது தெரியாது.

இதில் தந்தைக்குத் தொல்லை இல்லையென்றால் 15 லட்சம் ரூபாய் வண்டி அதன் விலைக்குத் தகும். டாப் மாடல் தகாது.

கேள்வி: மாதம் 700 கிலோமீட்டர்தான் ஓட்டுவேன், அதுவும் ஊருக்குள். ஒன்றரை லட்சம் கூடுதலாகக் கொடுத்து டீசல் வாங்கலாமா?
– வாசகர், கரூர்

பதில்: வேண்டாம். பெட்ரோல் 100 ரூபாய், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்றும், டீசல் 92 ரூபாய், 16 கிலோமீட்டர் என்றும் கொண்டால் மாதம் மிச்சமாவது சுமார் 1,800 ரூபாய். போட்ட பணம் திரும்ப ஏழு ஆண்டுகள் ஆகும். மேலும், பிஎஸ் 6 என்னும் புகைமாசு விதிப்படி வரும் டீசல் வண்டியின் புகைவடிகட்டியில் சேரும் கரி எரிந்து போக அவ்வப்போது நெடுஞ்சாலையில் நீண்ட ஓட்டம் தேவை. ஊருக்குள்ளேயே சுற்றினால் அது அடைத்துக்கொள்ளும்.