விதை நீக்கிய பிறகு ஈஸ்ட்ரோஜனை நிறுத்தலாமா?

கொழும்பிலிருந்து ஒரு திருநங்கை கேட்டிருக்கிறார்: சத்திரசிகிச்சை முடிந்துவிட்டது, இனி மாத்திரை எதற்கு?

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். எலும்பைக் கரைக்கும் கலங்களை அடக்கிவைப்பது ஈஸ்ட்ரோஜன். ஆண் உடலிலும் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறித்தான் இந்த வேலை நடக்கிறது. விதையும் இல்லை, மாத்திரையும் இல்லை என்றால், மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு வரும் எலும்புத் தேய்மானம் இளவயதிலேயே தொடங்கிவிடும். ஈஸ்ட்ரோஜன் இல்லாமல், டெஸ்டோஸ்டிரோனை அடக்கும் மாத்திரையான சைப்ரோடெரோனை மட்டும் மாதக்கணக்கில் விழுங்குவதிலும் இதே ஆபத்து. சூலகம் நீக்கிய திருநம்பி டெஸ்டோஸ்டிரோன் ஊசியை விட்டாலும் அப்படித்தான்.

இரத்தத்தில் எஸ்ட்ரடையோல் (ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வகை) மில்லிலீற்றருக்கு 100–200 பிகோகிராம் இருக்க வேண்டும். ஊசி போடுபவர்கள் இரண்டு ஊசிகளுக்கு நடுநாளில் இரத்தம் கொடுங்கள். ஊசி போட்ட கையோடு கொடுத்தால் அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். அறிக்கை பிகோமோல்/லீற்றரில் வந்தால் 3.67ஆல் வகுத்துப் பாருங்கள்.

கல்சியம் நாளுக்கு 1000 மில்லிகிராம். குரக்கன் பிட்டும் முள்ளோடு பொரித்த நெத்தலியும் நல்ல தொடக்கம். கல்சியம் கார்பனேட் மாத்திரையைச் சாப்பாட்டோடு, ஒரு தடவைக்கு 500 மில்லிகிராமுக்கு மேற்படாமல் எடுங்கள். தைரொய்ட் குறைவுக்குத் தைரொக்சின் மாத்திரை எடுப்பவர்கள் இரண்டுக்கும் இடையே 4 மணி நேரம் விட வேண்டும்.

எலும்பு அடர்த்தி ஸ்கேன் பொதுவாக 60 வயதில் போதும். விதை நீக்கியபின் ஹோர்மோனை விட்டிருந்தால் இப்போதே வைத்தியரிடம் கேளுங்கள். 50 வயதுக்குக் குறைந்தவருக்கு ஸெட் ஸ்கோர்தான், அதாவது ஒத்த வயதினரோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்தான் முக்கியம். அதை உங்கள் பாலின அடையாளத்துக்குரிய, அதாவது பெண்களின் அளவோடு ஒப்பிடச் சொல்லுங்கள்.