அப்பா படத்தில் பச்சை அடிக்கிறது

கேள்வி: அப்பாவின் முதல் வருடத் திதி வருகிறது. 1971-ல் ஸ்டூடியோவில் எடுத்த அவருடைய கறுப்பு வெள்ளைப் படத்தை வீட்டு இன்க்ஜெட்டில் ஏ4 அளவில் பிரிண்ட் எடுத்தால், ட்யூப்லைட்டில் பச்சையாகவும் வெயிலில் சிவப்பாகவும் தெரிகிறது. முகமும் தெளிவில்லை. நாலு இங்க் டேங்க் பிரிண்டர், விலை கூடிய கிளாஸி பேப்பர். ஒரிஜினல் அண்ணன் வீட்டுச் சுவரில் இருக்கிறது. பாகப்பிரிவினைக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை. அண்ணனுக்குத் தெரியாமல் அண்ணி போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். வேறு பிரிண்டர் வாங்கட்டுமா?

பதில்: வாங்க வேண்டாம்.

நாலு இங்க் பிரிண்டரில் சாம்பல் இங்க் கிடையாது. நீலம், சிவப்பு, மஞ்சளைக் கலந்துதான் அது சாம்பலைக் காட்டுகிறது. கலவை கொஞ்சம் பிசகினாலும் ஏதோ ஒரு நிறம் தலைகாட்டும், வெளிச்சம் மாறினால் அதுவும் மாறும். பல டேங்க் பிரிண்டர்களில் கறுப்பு இங்க் எழுத்துக்கானது, கிளாஸி பேப்பரில் ஒட்டாது. அதனால் கிளாஸி என்று செட்டிங் வைத்ததுமே கறுப்பை ஒதுக்கிவிட்டு வண்ணங்களை மட்டும் கலக்கும். பளபளப்பில்லாத மேட் பேப்பர் போட்டு, செட்டிங்கில் பேப்பர் வகையையும் மேட் என்று மாற்றி, கிரேஸ்கேலில், அதாவது கறுப்பு வெள்ளையாக, எடுத்துப் பாருங்கள். நிறம் குறையும், ஆனால் நெற்றியிலும் கன்னத்திலும் பொடிப் புள்ளிகள் தெரியலாம். அதுவும் கூடாது என்றால், சாம்பலுக்கென்றே தனி இங்க் உள்ள எப்சன் அல்லது கேனான் போட்டோ பிரிண்டர் வைத்திருக்கும் லேபில் கொடுங்கள்.

சரி, முகம் தெளியாததற்குப் பிரிண்டர் என்ன செய்யும்? ஏ4-க்கு நீளவாக்கில் சுமார் 3,500 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப் வழக்கமாகப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். அதுவும் சுவரில் மாட்டிய படத்தை அவசர அவசரமாக எடுத்தது.

'அண்ணனுக்குத் தெரியாமல்' என்று போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வரியில் பிரிண்டருக்குத் தாவிவிட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை. உங்கள் வீம்புக்காக அந்தப் பெண்ணைப் புருஷனுக்கு ஒளித்துப் படம் எடுக்க வைத்திருக்கிறீர்கள். நாளை விஷயம் தெரிந்தால் யார் பேச்சு வாங்குவது? நீங்கள் இல்லை, அவர். இது சரியில்லை. பாகம் பிரிந்தவர்கள் தனித்தனியே திதி கொடுக்கலாம் என்பார்கள், கொடுங்கள். ஆனால் முதல் வருடத்திலேயே ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு மறைத்து அப்பா படத்தை எடுப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பங்கில் யாருக்கு எவ்வளவு குறைந்தது என்பது வேறு கணக்கு, அதை அப்புறம் பார்க்கலாம்.

திதிக்கு முன்னால் அண்ணன் வீட்டுக்கு நேரில் போங்கள். "அண்ணியிடம் படம் கேட்டது நான்தான்" என்று முதலில் சொல்லுங்கள். கோபப்பட்டால் கேட்டுக்கொண்டு நில்லுங்கள், மூத்தவர்தானே. பிறகு ஸ்கேன் செய்யக் கேளுங்கள். 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), சாம்பல் படிகள் நுணுக்கமாக வர 16 பிட் கிரேஸ்கேல், தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பு. படம் ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், கண்ணாடியோடே ஸ்கேன் செய்யுங்கள். இத்தனை வருடப் படத்தின் மேல்பூச்சு ஒரு இழுப்பில் உரிந்து வந்துவிடும். பிரிண்ட் ஒரு ராத்திரி காயட்டும், மாட்டப்போகிற விளக்கடியில் வைத்துப் பார்த்த பிறகு ஃபிரேம் போடுங்கள். இரண்டு பிரதி எடுங்கள், அண்ணனுக்கும் ஒன்று.