வாசகர் கேள்வி – பதில்: மனாசேக்கு மன்னிப்பு, எருசலேமுக்குத் தீர்ப்பா?

கேள்வி: யூதாவின் ராஜா மனாசே தன்னைத் தாழ்த்தினான், கர்த்தர் அவன் கெஞ்சுதலைக் கேட்டு அவனை மறுபடியும் எருசலேமுக்கே கொண்டுவந்தார் என்று 2 நாளாகமம் 33 சொல்கிறது. ஆனால் 2 இராஜாக்கள் 24-ஐப் படித்தால், அவன் பாவங்களினிமித்தமே யூதா அழிந்தது என்று இருக்கிறது. மன்னித்த பிறகும் தண்டனையா? ரொம்ப நாளாக எனக்கு இது நெருடுகிறது. — வாசகி ஒருவர்

பதில்: நெருடத்தான் வேண்டும் சகோதரி, அவசரமாக ஒரு சமாதானம் சொல்லிக் கடந்துபோகிற இடமில்லை இது. முதலில் அவன் என்ன செய்தான் என்று பாருங்கள். 12 வயதில் பட்டத்துக்கு வந்து 55 வருஷம் ஆண்டான், யூதாவின் ராஜாக்களில் வேறு யாரும் அத்தனை காலம் ஆளவில்லை. தகப்பன் எசேக்கியா இடித்துப்போட்ட விக்கிரக வழிபாட்டு மேடைகளைத் திரும்பக் கட்டினான், கானானியரின் தெய்வமான பாகாலுக்குப் பலிபீடம் எடுப்பித்தான், தேவாலயத்தின் இரண்டு பிராகாரங்களிலும் வானத்தின் சேனைக்கு, அதாவது சூரிய சந்திர நட்சத்திரங்களுக்கு, பலிபீடம் வைத்தான், பெற்ற பிள்ளையைத் தீயில் கடக்கப்பண்ணினான். போதாததற்கு எருசலேமை நாலு மூலைவரைக்கும் குற்றமற்றவர்களின் இரத்தத்தால் நிரப்பினான். விக்கிரக ஆராதனையைப் பற்றிப் பேசும்போது இந்தக் கடைசி வரியை நாம் வசதியாக விட்டுவிடுகிறோம், ஆனால் நீங்கள் சொன்ன அதே 24-ஆம் அதிகாரம், கர்த்தர் மன்னிக்கச் சித்தமில்லாதிருந்தார் என்று சொல்வது அந்த இரத்தத்தைக் குறித்துத்தான்.

அப்புறம் அசீரியர் வந்தார்கள். அசீரியாவுக்குக் கீழ்ப்பட்ட ராஜாவாகத்தான் அவன் இருந்தான், அசீரிய ராஜா எசரத்தோன் தன் தலைநகரான நினிவேயில் அரண்மனை கட்டியபோது பொருள் அனுப்பவேண்டியிருந்த 22 ராஜாக்களின் பட்டியலில் யூதாவின் மனாசேயும் இருக்கிறான். அந்த அசீரியர் அவனை வெண்கலச் சங்கிலியால் கட்டிப் பாபிலோனுக்குக் கொண்டுபோனார்கள், அங்கே நெருக்கத்தில் அவன் ஜெபித்தான், கர்த்தர் கேட்டார். அந்த மன்னிப்பு முழுமையானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவனுக்கே கிடைத்தது என்றால் யாருக்குக் கிடைக்காது?

ஆனால் திரும்பி வந்தபின் அவன் செய்ததைக் கொஞ்சம் நின்று படியுங்கள். கர்த்தருடைய பலிபீடத்தைச் செப்பனிட்டான், சரி. அந்நிய தேவர்களையும் விக்கிரகத்தையும் எடுத்து நகரத்துக்கு வெளியே எறிந்தான். எறிந்தான், அவ்வளவுதான், உடைத்தான் என்று அங்கே இல்லை. ஏழே வசனம் தாண்டினால் மகன் ஆமோன், தன் தகப்பன் மனாசே செய்துவைத்த விக்கிரகங்களுக்கெல்லாம் பலியிடுகிறான்! அடுத்த அதிகாரத்தில் பேரன் யோசியா வந்துதான் அவற்றை நொறுக்கித் தூளாக்குகிறான். 55 வருஷ ஆட்சியில் பெரும்பகுதி ஜனத்துக்கு ஒன்றைப் பழக்கிவிட்டு, கடைசியில் ராஜா மட்டும் திரும்பினால் ஊர் திரும்பிவிடாது. சிந்தின இரத்தமும் எழுந்து வராது. மன்னிப்பு மனாசேயைக் கர்த்தரோடு சேர்த்தது, அவனால் செத்தவர்களின் வழக்கை அது மூடிவிடவில்லை. வேதம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறதே, அது முரண்பாடு அல்ல, நீதி என்றுதான் நான் நினைக்கிறேன்.

அப்படியானால் பேரப்பிள்ளைகள் தாத்தாவின் கடனைத்தான் கட்டினார்களா என்று கேட்பீர்கள். யூதா அழிந்தபோது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களும் அதையேதான் கேட்டார்கள், பிதாக்கள் திராட்சக்காய் தின்றதற்குப் பிள்ளைகளின் பல்லா கூசவேண்டும் என்று. எசேக்கியேல் 18 முழுவதும் அதற்குத்தான் பதில்: அவனவன் தன் வழிக்குப் பொறுப்பு, துன்மார்க்கன் சாவதில் எனக்குப் பிரியமில்லை, திரும்புங்கள், பிழையுங்கள் என்கிறார் கர்த்தர். வெறும் வார்த்தையும் இல்லை அது. யோசியாவின் மகன் யோயாக்கீமின் நாளில் எரேமியா தீர்க்கதரிசி சொல்லச் சொல்ல அவருடைய எழுத்தன் பாருக்கு ஒரு சுருளை எழுதுகிறான், எதற்கு? ஒருவேளை ஜனங்கள் கேட்டுத் திரும்புவார்கள், நான் மன்னிப்பேன் என்று கர்த்தரே காரணம் சொல்கிறார். ராஜாவோ குளிர்காலத்து வீட்டில் கணப்பு முன்னால் உட்கார்ந்து, வாசிக்க வாசிக்கச் சூரிக்கத்தியால் அறுத்து நெருப்பில் போட்டான். அதே யோயாக்கீம் உரியா என்கிற தீர்க்கதரிசியையும் எகிப்துவரை ஆள் அனுப்பிப் பிடித்துவரச் செய்து கொன்றான். கி.மு. 586 வாக்கில் எருசலேம் எரிந்தது என்றால், மனாசே போட்ட வழியில் நடந்தவர்கள் நடுவில் வந்த ஒவ்வொரு அழைப்பையும் தாங்களே தள்ளினார்கள், தாத்தாவின் பெயரைச் சொல்லி அவர்கள் தப்ப முடியாது.

கேள்வி: விக்கிரக ஆராதனையின்மேல் வரும் நியாயத்தீர்ப்பைப் பற்றி வாலிபர் கூட்டத்தில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். அக்கம்பக்கத்தார் கும்பிடுவதை உதாரணமாகச் சொல்லலாமா? — வாசகர் ஒருவர்

பதில்: வேண்டாம் தம்பி. ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகத்தில் முதல் இரண்டு அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன், மோவாப் என்று இஸ்ரவேலைச் சுற்றியிருந்த ஆறு தேசத்தார்மேலும் தீர்ப்பு வருகிறது, ஒருவர்மேலும் விக்கிரகம் வணங்கினாய் என்ற குற்றச்சாட்டு அங்கே இல்லை. இஸ்ரவேலின் கிலேயாத் நாட்டை இரும்புக் கருவிகளால் தானியத்தைப்போலப் போரடித்தது, சிறைபிடித்த ஜனத்தை விற்றது, கர்ப்பிணிகளின் வயிற்றைக் கீறினது, எல்லாம் கொடுமை. பொய்த் தெய்வங்களைப் பின்பற்றின பேச்சு எப்போது வருகிறது தெரியுமா, கர்த்தருடைய வேதத்தைக் கையில் வைத்திருந்த யூதாவின் முறை வந்தபோது. விக்கிரகம் செய்கிறவனை ஏசாயா 44 பரிகசிக்கிறதே என்பீர்கள், உண்மைதான், ஆனால் அந்த அதிகாரம் பேசுவது யாக்கோபோடு, அதாவது இஸ்ரவேல் ஜனத்தோடு, பாபிலோனியரோடு அல்ல. எசேக்கியேல் 14-இல் வந்து உட்கார்ந்தவர்களும் இஸ்ரவேலின் மூப்பர்கள்தான், அவர்களிடம்தான், உங்கள் இருதயத்தில் விக்கிரகங்களை நாட்டியிருக்கிறீர்கள் என்று சொல்லப்படுகிறது. கையில் சிலை ஏதும் இல்லை, கர்த்தரிடம் விசாரிக்க வந்தவர்கள் அவர்கள். கொலோசெயர் 3:5-இல் பவுல் பொருளாசையையே விக்கிரக ஆராதனை என்கிறார், அதுவும் சபைக்கு எழுதின நிருபம்.

அத்தேனேயில் ஊர் முழுக்க விக்கிரகங்களைப் பார்த்துப் பவுலின் மனம் கொதித்தது. ஆனாலும் அங்கே மார்ஸ் மேடை என்கிற இடத்தில் நின்று அந்த ஊராரைக் கேவலப்படுத்தாமல், அவர்களுடைய புலவர்களின் வரியையே எடுத்துப் பேசி, எல்லாரும் மனந்திரும்பவேண்டும் என்று அழைத்தார். உங்கள் கூட்டத்துக்கு இயேசுவோடு பேசின ஐசுவரியவானான வாலிபனை எடுத்துக்கொள்ளலாம், தேவனுடைய கட்டளைகளையெல்லாம் சிறுவயதுமுதல் கைக்கொண்டேன் என்றவன், ஆஸ்தியை விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்றதும் துக்கத்தோடு போய்விட்டான். வாலிபர்களிடம் அவனைப் பற்றிக் கேளுங்கள், அரை மணி நேரம் போதாது.