கதையைச் சொல்லாதீர்கள், வாதத்தைச் சொல்லுங்கள்
பள்ளி இறுதியாண்டு ஆங்கில இலக்கியம்: நீலகிரி வாசகர்களின் கேள்விகள்

எங்களுக்கு ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகம் பாடம். மூன்று முறை படித்துவிட்டேன். நிகழ்ச்சிகளை ஒன்றுவிடாமல் வரிசையாக எழுதுகிறேன். ஆனாலும் 'வெறும் கதைச் சுருக்கம்' என்றே திருத்தி வருகிறது. எங்கே தவறு?
*பன்னிரண்டாம் வகுப்பு மாணவி, குன்னூர்*

வரிசையாக எழுதுவதில்தான் தவறு இருக்கிறது. தாளைத் திருத்துபவருக்குக் கதை தெரியும். கேட்ட கேள்விக்கு உங்கள் விடை என்ன, அந்த விடைக்கு நாடகத்தில் ஆதாரம் எங்கே என்பதைத்தான் அவர் தேடுகிறார்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: 'டங்கன் கொலைக்கு லேடி மேக்பெத் எந்த அளவுக்குப் பொறுப்பு?' (டங்கன், மேக்பெத் கொல்லும் அரசர். லேடி மேக்பெத் அவன் மனைவி.) இதில் 'எந்த அளவுக்கு' என்ற சொல்தான் முக்கியம். 'அவள்தான் காரணம்' என்று முழுதாகச் சாய்ந்தாலும், 'இருவருமே காரணம்' என்று நழுவினாலும் அந்தச் சொல்லுக்கு விடை கிடைக்காது. எழுதத் தொடங்குமுன் உங்கள் நிலைப்பாட்டை ஒரே வாக்கியமாகத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். உதாரணமாக: 'கொலை எண்ணம் மேக்பெத்துடையது, அதைச் செய்யும் துணிவு மனைவி கொடுத்தது, முதல் கொலைக்குப் பிறகு அந்தத் துணிவுக்கு அவள் தேவைப்படவில்லை.' இதை ஒருவர் மறுத்துப் பேச முடியும். மறுக்க இடமில்லாத வாக்கியம் தகவலாக மட்டுமே நிற்கும், அதை வைத்துக் கட்டுரை கட்ட முடியாது.

இனி ஆதாரம். முதல் அங்கம் மூன்றாம் காட்சியில், சூனியக்காரிகளைச் சந்தித்த சற்று நேரத்திலேயே, மேக்பெத்தின் வாயில் 'மர்டர்' என்ற சொல் வந்துவிடுகிறது. மனைவி அப்போது இன்னும் மேடைக்கே வரவில்லை. ஏழாம் காட்சியில் 'இதற்கு மேல் போக வேண்டாம்' என்று அவன் பின்வாங்கும்போது, அவள் அதைச் சரியா தவறா என்ற பேச்சாக வைத்துக்கொள்வதில்லை, நீ ஆண்பிள்ளையா என்ற பேச்சாக மாற்றிவிடுகிறாள். மூன்றாம் அங்கம் இரண்டாம் காட்சியில், தோழன் பாங்கோவைக் கொல்ல ஏற்பாடு செய்துவிட்டு, அதை மனைவியிடம் மறைக்கிறான். அப்போது அவளை 'சக்' என்று அழைக்கிறான். கோழிக்குஞ்சைக் கொஞ்சுவது போன்ற செல்லச் சொல் அது. முன்பு அவனுக்குத் திட்டம் வகுத்துக் கொடுத்தவளை, எதுவும் தெரியாமல் இருந்துகொள் என்று கொஞ்சி ஒதுக்கிவைக்கிறான். அந்த ஒரு சொல்லைப் பற்றி நான்கு வரி எழுதினால், ஒரு காட்சி முழுவதையும் சுருக்கிச் சொல்வதைவிட அதிக மதிப்பெண் கிடைக்கும்.

கடைசியாக ஐந்தாம் அங்கம் முதல் காட்சி, தூக்கத்தில் நடப்பது. அதுவரை செய்யுளில் பேசியவள் அங்கே உரைநடையில், துண்டு துண்டாகப் பேசுகிறாள். கை கழுவும் நிகழ்ச்சியை எல்லோரும் எழுதுகிறார்கள். பேச்சின் வடிவமே உடைந்துபோனதைச் சிலரே எழுதுகிறார்கள்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் படித்துப் பாருங்கள். 'பிறகு', 'அதன் பின்', 'அடுத்த காட்சியில்' என்று தொடங்கினால் கதை சொல்லியிருக்கிறீர்கள். 'ஆனால்', 'இருந்தாலும்', 'இதனால்தான்' என்று தொடங்கினால் வாதம் நகர்கிறது. தினம் ஒரு பழைய கட்டுரையை எடுத்து அந்த முதல் வாக்கியங்களை மட்டும் மாற்றி எழுதிப் பழகுங்கள். இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

என் மகள் பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவள். இப்போது பிளஸ் டூவில் ஆங்கிலக் கவிதையைக் கண்டாலே பயப்படுகிறாள். சிறு வயதிலிருந்து ஆங்கிலவழியில் படித்த பிள்ளைகளோடு ஈடுகொடுக்க முடியுமா?
*சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி*

ஐயா, சொல்வளத்தில் அவர் கொஞ்சம் பின்தங்கியிருக்கலாம். கவிதையைப் படிக்கும் பயிற்சியில் பின்தங்கவில்லை. தமிழ்ப் பாடத்தில் எதுகை, மோனை, இயைபு, உள்ளுறை உவமம், இறைச்சி எல்லாம் படித்துத்தான் வந்திருக்கிறார். தலைவியின் மனத்தை நேராகச் சொல்லாமல், அருவியையும் வேங்கை மரத்தையும் சொல்லிப் புரியவைக்கும் பாட்டைப் படித்தவருக்கு, ஆங்கிலக் கவிதையில் ஒரு காட்சி ஏன் வருகிறது என்று கேட்கத் தெரியும். வரிக்கடைசியில் ஒலி ஒத்துவருவது நம் இயைபு. முதலெழுத்து ஒத்து ஒலிப்பது மோனைக்குப் பக்கத்து உறவு. பழைய ஆங்கிலப் பாட்டு அந்த மோனையைக் கொண்டே கட்டப்பட்டது.

இரண்டு இடத்தில் மட்டும் தமிழ்ப் பழக்கம் இடறும். ஒன்று யாப்பு. நம் நேரசையும் நிரையசையும் குறில், நெடில், ஒற்று பார்த்துப் பிரிப்பவை. ஆங்கிலச் சந்தம் எந்த ஒலியில் அழுத்தம் விழுகிறது என்பதைப் பொறுத்தது. அலகிடுவதுபோல எழுத்தெண்ணிப் பிரிக்கக் கூடாது, வாய்விட்டுச் சொல்லிக் கேட்க வேண்டும். தமிழக அரசுப் பாடத்திட்டத்தின் பிளஸ் டூ ஆங்கில நூலில் டென்னிசனின் 'யுலிசீஸ்' இருக்கிறது. அதன் கடைசி வரி: 'டு ஸ்ட்ரைவ், டு சீக், டு ஃபைண்ட், அண்ட் நாட் டு யீல்ட்'. பத்து ஒலிகள், ஒன்று மெலிந்தால் அடுத்தது அழுந்தும், ஐந்து அழுத்தம். மேசையைத் தட்டிக்கொண்டே சொல்லச் சொல்லுங்கள். தட்டு விழும் இடம் ஸ்ட்ரைவ், சீக், ஃபைண்ட், நாட், யீல்ட். பிறகு அதே பாட்டின் 'லைஃப் பைல்ட் ஆன் லைஃப்' என்ற தொடரைத் தட்டிப் பார்க்கட்டும். நான்கு சொல்லில் மூன்று அழுந்தும். வாழ்க்கை மேல் வாழ்க்கையை அடுக்கினாலும் போதாது என்று சொல்லும் இடத்தில் ஒலியும் அடுக்காகக் கனக்கிறது. சந்தம் மாறும் இடத்தில் பொருள் என்ன ஆகிறது என்று எழுதினால்தான் யாப்பு பற்றி எழுதியதற்குப் பயன். 'இது பத்து ஒலி வரி' என்று பெயர் மட்டும் சொல்லி நிறுத்தினால் பயனில்லை.

இன்னொன்று திணை. குறிஞ்சி என்றால் புணர்தல், பாலை என்றால் பிரிதல் என்று நம் மரபில் ஒப்புக்கொண்ட ஒழுங்கு இருக்கிறது. ஆங்கிலக் கவிதையில் அப்படிப்பட்ட பொதுப் பட்டியல் கிடையாது. 'பச்சை என்றால் நம்பிக்கை, கறுப்பு என்றால் தீமை' என்று அகராதிபோல எழுதும் பிள்ளைகள் இங்கேதான் சறுக்குகிறார்கள். அந்தக் கவிதைக்குள் அந்த நிறம் எதன் பக்கத்தில் வருகிறது, எத்தனை முறை வருகிறது, கடைசியில் மாறுகிறதா என்று பார்த்துத்தான் பொருள் சொல்ல வேண்டும்.

கீட்ஸின் 'டு ஆட்டம்' கவிதையைச் சோகமான கவிதை என்று எழுதினேன். முதல் வரியிலேயே மூடுபனி வருகிறதே! தவறு என்கிறார்கள். அதோடு, வரலாற்றுப் பின்னணி எவ்வளவு எழுத வேண்டும்?
*பிளஸ் டூ மாணவர், ஊட்டி*

இது மலைப்பிள்ளைகளுக்கு மட்டுமே வரும் தவறு என்பதால் விரிவாகச் சொல்கிறோம். உங்களுக்கு மூடுபனி என்றால் குளிர், முன்விளக்கு போட்டு வரும் பேருந்து, வெயில் இல்லாத நாள். கீட்ஸ் அந்தக் கவிதையை எழுதியது 1819 செப்டம்பர் 19, தென் இங்கிலாந்தின் வின்செஸ்டர் நகரில். அது அறுவடைக்காலம். முதல் வரியில் பனிமூட்டத்தோடு சேர்ந்தே பழத்தின் கனிவு வருகிறது, இரண்டாம் வரியில் பழுக்கவைக்கும் சூரியன் வருகிறது. அந்தப் பனி காலையில் படிந்து வெயிலில் கரையும் பனி. அறுவடை முடிந்த தாள்க்கட்டை வயல் கண்ணுக்கு வெதுவெதுப்பாகத் தெரிகிறது என்று அதே வாரம் நண்பருக்குக் கடிதமும் எழுதியிருக்கிறார். நீங்கள் உணர்ந்த துக்கம் கவிதையில் இல்லாமல் இல்லை. அது மூன்றாம் பத்தியில், மெல்ல இறக்கும் பகலிலும் கடைசி வரியில் கூடும் தகைவிலான்களிலும் இருக்கிறது. அங்கே தகைவிலான் தெற்கே கிளம்பும் பருவம். நம் மலைக்கோ அந்த மாதங்களில்தான் வலசைப் பறவைகள் வந்து சேரத் தொடங்கும். சோகத்தை முதல் வரியில் வைக்காமல் அது நுழையும் இடத்தில் வைத்து எழுதினால் உங்கள் கட்டுரையே சிறந்த கட்டுரையாகிவிடும்.

நேர்மாறாக, ஊட்டிக்காரர்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. ஹார்டியின் 'தி ரிட்டர்ன் ஆஃப் தி நேட்டிவ்' (1878) நாவலில் நாயகன் ஃபர்ஸ் என்ற முட்செடியை வெட்டிப் பிழைக்கும் நிலைக்கு வருகிறான். அந்த ஃபர்ஸின் இன்னொரு பெயர் கோர்ஸ். வெள்ளையர் காலத்தில் இங்கே கொண்டுவரப்பட்டு, இன்று நம் புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருக்கும் மஞ்சள் பூ முட்புதர் அதுவேதான். அதை ஒருமுறை கையால் தொட்டுப் பார்த்தால், அதை நாள் முழுக்க வெட்டுவது எப்படிப்பட்ட வேலை என்று புரியும்.

வரலாற்றுப் பின்னணிக்கு ஓர் அளவு: நூலில் உள்ள ஒரு சொல்லோடு கட்ட முடிந்தால் எழுதுங்கள், முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். 'முதலாம் ஜேம்ஸ் 1603இல் இங்கிலாந்தின் பட்டத்துக்கு வந்தார், அவருக்குச் சூனியத்தில் ஆர்வம்' என்று முதல் பத்தியில் கொட்டிவைத்தால் அது தனியாக நிற்கும். அதற்குப் பதில் 'மேக்பெத்' இரண்டாம் அங்கம் மூன்றாம் காட்சியில் வாயில்காவலன் சொல்லும் 'ஈக்விவொகேட்டர்' என்ற சொல்லை எடுங்கள். இருபொருள்படப் பேசி உண்மையை மறைப்பவன் என்று பொருள். அரசரையும் நாடாளுமன்றத்தையும் தகர்க்கத் திட்டமிட்ட 1605 வெடிமருந்துச் சதிக்குப் பிறகு நடந்த விசாரணைகளால் லண்டன் மக்களின் வாயில் புழங்கிய சொல் அது. அதே சொல்லின் இன்னொரு வடிவமான 'ஈக்விவொகேஷன்' ஐந்தாம் அங்கம் ஐந்தாம் காட்சியில், சூனியக்காரிகளின் வாக்கு பொய்க்கத் தொடங்கும்போது மேக்பெத்தின் வாயிலேயே வருகிறது. இப்போது பின்னணி உங்கள் வாதத்தின் உள்ளே வந்துவிட்டது. இரண்டு வாக்கியம் போதும்.

நேரம் போதவில்லை. மேற்கோள்களும் நினைவில் நிற்பதில்லை.
*மாணவி, கூடலூர்*

முதலில் உங்கள் தாளின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐ.எஸ்.சி. இலக்கியத் தாள் 3 மணி நேரம், 80 மதிப்பெண். கேம்பிரிட்ஜ் ஏ லெவல் தாளில் 2 மணி நேரத்தில் 2 கட்டுரை, ஒவ்வொன்றும் 25 மதிப்பெண். ஐ.பி. (இன்டர்நேஷனல் பேக்கலாரியேட்) இரண்டாம் தாளில் 1 மணி 45 நிமிடத்தில் இரு நூல்களை ஒப்பிடும் ஒரே கட்டுரை. (அதில் முதல் பாதியில் ஒரு நூல், மறு பாதியில் இன்னொன்று என்று எழுதாதீர்கள். ஒவ்வொரு பத்தியிலும் இரண்டும் வர வேண்டும்.)

ஒரு கட்டுரைக்கு ஒரு மணி நேரம் கிடைத்தால் 8 முதல் 10 நிமிடம் திட்டம், 45 நிமிடம் எழுத்து, மீதி திருத்தம். திட்டம் போடும் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தப் போய்த்தான் பலருக்கு நேரம் போதாமல் ஆகிறது. நடுவில் நின்று யோசிக்கும் நேரம் அதைவிடக் கூடுதல். 45 நிமிடத்தில் கையால் 600 முதல் 700 சொல் எழுத முடிந்தால் தாராளம். முன்னுரை நான்கு வரியைத் தாண்ட வேண்டாம், ஆசிரியர் பிறந்த ஊரும் ஆண்டும் அதில் வேண்டாம். நடுப்பத்தி மூன்று அல்லது நான்கு.

மேற்கோள் நீளமாக இருந்தால் மறந்துபோகும், இடத்தையும் அடைக்கும். மூன்று முதல் ஆறு சொல் போதும். ஒரு நூலுக்கு 15 எடுங்கள். அவை வெவ்வேறு அங்கங்களிலிருந்து வரட்டும், ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு கருப்பொருளுக்குப் பயன்படட்டும். அட்டையின் ஒரு பக்கம் மேற்கோள், மறுபக்கம் யார் யாரிடம் எப்போது சொன்னது, எந்தச் சொல்லைப் பற்றிப் பேசலாம் என்ற குறிப்பு. பார்த்துப் படிப்பதைவிட, மூடிவைத்து எழுதிப் பார்ப்பதே நினைவில் நிறுத்தும். முதல் நாள், மூன்றாம் நாள், பத்தாம் நாள் என்று இடைவெளி விடுங்கள். தேர்வில் ஒரு சொல் மறந்துபோனால் மேற்கோள்குறி போடாமல் உங்கள் சொல்லில் சொல்லிவிடுங்கள். தப்பாக எழுதிய மேற்கோளைவிட அது மேல்.

ஜனவரியில் மாதிரித் தேர்வு வரும். உறைபனிக் காலையில் விரல் விறைத்தால் முதல் பக்கமே இருபது நிமிடம் இழுக்கும். வீட்டில் அடுப்பருகே உட்கார்ந்து பழகாமல், தேர்வு நடக்கும் அதே காலை நேரத்தில், நேரம் வைத்து எழுதிப் பாருங்கள். அறைக்குள் போகும்வரை கையைச் சூடாக வைத்திருங்கள்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் நாவலைப் படித்தால் போதுமா? விலைக்கு வாங்க வேண்டுமா?
*வாசகர், குன்னூர்*

படிக்கலாம், ஆனால் எந்தப் பதிப்பு என்று பாருங்கள். மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவல் 1818இல் ஒரு வடிவிலும் 1831இல் திருத்திய வடிவிலும் வந்தது. முன்னதில் எலிசபெத் நாயகன் விக்டருக்கு அத்தை மகள், பின்னதில் எடுத்து வளர்த்த பெண். உங்கள் பள்ளி எந்த வடிவைப் படிக்கச் சொல்கிறதோ அதையே படிக்க வேண்டும். ஷேக்ஸ்பியருக்கு மட்டும் அடிக்குறிப்புள்ள பள்ளிப் பதிப்பை வாங்கிவிடுங்கள், பழையதானாலும் பரவாயில்லை. 'சக்' போன்ற சொற்கள் குறிப்பில்லாமல் கண்ணில் படாமலே போய்விடும்.

இலக்கியம் புரிகிறது, ஆங்கிலம்தான் தப்பாகிறது என்கிறார்கள். எதைச் சரிசெய்வது?
*மாணவர், கோத்தகிரி*

தமிழ் பேசுபவர்களிடம் திரும்பத் திரும்ப வரும் சில பிழைகளை மட்டும் பிடியுங்கள். 'டிஸ்கஸ்' என்ற வினைக்குப் பின் 'அபௌட்' வராது. 'மேக்பெத் இஸ் ஹேவிங் ஆம்பிஷன்' வேண்டாம், 'ஹேஸ்' போதும். நம் 'தான்' என்ற அழுத்தத்துக்கு 'ஒன்லி' போடுவதை நிறுத்துங்கள். நூலில் நடப்பதை நிகழ்காலத்தில் எழுதுங்கள், ஆசிரியரின் வாழ்க்கையையும் வரலாற்றையும் இறந்தகாலத்தில் எழுதுங்கள். ஒரே பத்தியில் இரண்டும் கலந்து தடுமாறுவதுதான் அதிகம். 'வெரி பியூட்டிஃபுல்', 'கிரேட் ரைட்டர்' போன்ற புகழ்ச்சிகளை அடித்துவிடுங்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் முழுவதையும் படிக்காமல் வினைச்சொற்களை மட்டும் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பாருங்கள், காலம் மாறிய இடம் உடனே கண்ணில் படும்.